கேக்கில் சர்க்கரையை மாற்றினால் போதுமா?

மரக்காணம், அனுமந்தை, கூனிமேடு பகுதிகளிலிருந்து எங்கள் நீரிழிவுப் பிரிவுக்கு வரும் நோயாளர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அண்மைக்காலமாக ஒரு கேள்வியை அடிக்கடி எழுப்புகின்றனர். வீட்டில் கேக் செய்யும்போது சர்க்கரைக்கு மாற்றாக எதைச் சேர்க்கலாம்? கருப்பட்டியா, நாட்டுச் சர்க்கரையா, தேனா, மருந்துக் கடையில் கிடைக்கும் இனிப்பூட்டியா? இத்துடன் பலர் இன்னொரு செய்தியையும் நிம்மதியோடு தெரிவிக்கின்றனர்: "காலையில் சாப்பிடும் ரஸ்க்கை மட்டும் சுகர் ஃப்ரீ ஆக்கிவிட்டோம், டாக்டர்."

முதல் கேள்வி நியாயமானது. அதற்கு இக்கட்டுரையில் விடை கூறுகிறோம். ஆனால் எங்களைக் கவலைகொள்ளச் செய்வது இரண்டாவது செய்திதான். இனிப்பூட்டியை மாற்றுவதால் ஓரளவு நன்மை கிடைப்பது எப்போதாவது உண்ணும் கேக்கில். அநேகமாக எந்த நன்மையும் கிடைக்காதது அன்றாடம் உண்ணும் ரஸ்க்கிலும் பன்னிலும் பிஸ்கட்டிலும். நம் மக்களின் நம்பிக்கையோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது. இதனைச் சொல்லில் விளக்குவதைவிடக் கணக்கில் காட்டுவது எளிது.

இரண்டு கணக்குகள்

வீட்டில் செய்யும் சாதாரண வெண்ணெய்க் கேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மைதா 200 கிராம், சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 200 கிராம், முட்டை நான்கு. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் மைதாவில் ஏறத்தாழ 74 கிராம் மாவுச்சத்து உள்ளது. ஆகவே இந்தக் கேக்கில் மைதாவிலிருந்து 148 கிராமும் சர்க்கரையிலிருந்து 200 கிராமும் சேர்ந்து 348 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. 12 துண்டுகளாக வெட்டினால் துண்டுக்கு 29 கிராம். சர்க்கரையை முழுவதும் நீக்கி, மாவுச்சத்து சிறிதும் இல்லாத இனிப்பூட்டியைச் சேர்த்தால் துண்டுக்கு ஏறக்குறைய 12 கிராம் மிஞ்சும். இது பாதிக்கும் மேற்பட்ட குறைவு. உணவுக்குப் பிந்தைய இரத்தச் சர்க்கரையில் இந்த வேறுபாடு தெரியவே செய்யும்.

ஆயினும் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. சர்க்கரை இல்லை என்ற துணிவில் இரண்டு துண்டுகள் உண்டால், ஒரு துண்டு சாதாரணக் கேக் உண்டதற்கு ஏறத்தாழ ஈடாகிவிடும். மேலும், மாவுச்சத்து பாதிக்குமேல் குறைந்தாலும் கலோரி அவ்வளவு குறைவதில்லை. 200 கிராம் வெண்ணெயில் மட்டும் 1,400 கலோரிக்கு மேல் உள்ளது. சர்க்கரையை நீக்குவதால் குறைவது 800 கலோரியே. முழுக் கேக்கின் கலோரியில் இது கால்பங்கு அளவுதான். உடல் எடையைக் குறைக்க முயல்வோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

இனி ரஸ்க்கைப் பார்ப்போம். ரஸ்க் என்பது ரொட்டியை வெட்டி மீண்டும் சுட்டு உலர்த்திய பண்டம். 100 கிராம் மைதாவுக்கு 12 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். மைதாவில் 74, சர்க்கரையில் 12, ஆக 86 கிராம் மாவுச்சத்து. சர்க்கரையை அறவே நீக்கிவிட்டாலும் 74 கிராம் அப்படியே நிற்கிறது. குறைந்தது ஏழில் ஒரு பங்கு மட்டுமே. ஈர்ப்பதம் நீங்கிய பண்டமாதலால் சிறிய துண்டிலும் மாவு செறிந்திருக்கும். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று உறையில் அச்சிட்டிருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மைதா குடலில் செரிமானமாகிக் குளுக்கோஸாகவே இரத்தத்தில் சேர்கிறது என்பதை அந்த உறை உங்களுக்குச் சொல்வதில்லை.

உப்பளத்தில் பாத்தி கட்டவும் உப்பு வாரவும் செல்வோர் விடியலுக்கு முன்பே தேநீரும் இரண்டு ரஸ்க்கும், அல்லது ஒரு பன்னும் உண்டு புறப்படுகின்றனர். கேக் அவர்கள் வீட்டில் ஆண்டுக்குச் சில முறை: பிள்ளைகளின் பிறந்தநாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு. ஆண்டில் சில நாள் உண்ணும் பண்டத்துக்காக இவ்வளவு ஆராய்ச்சி செய்யும் நாம், ஆண்டு முழுவதும் உண்ணும் பண்டத்தை ஓர் உறையின் வாசகத்தை நம்பி விட்டுவிடலாமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-ஆம் ஆண்டு வெளியாயிற்று. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக அது மதிப்பிட்டது. நம்மை அடுத்துள்ள புதுச்சேரியில் வயது வந்தோரில் 26.3 சதவீதத்தினருக்கு, அதாவது நால்வரில் ஒருவருக்கு மேல், இந்நோய் இருப்பதை அது காட்டியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறிது நேரப் பயணத்தில் சென்றடையும் ஊர் அது. அதன் பேக்கரிகளும் உணவுப் பழக்கங்களும் நம் ஊர்களுக்கும் வந்துவிட்டன. எனவே இந்தக் கணக்கு ஒரு சிலருக்கு மட்டும் உரியதன்று.

கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும்

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். பனையேறுவோரின் உழைப்பையும் கருப்பட்டியின் மணத்தையும் நாங்கள் மதிக்கிறோம். அதே வேளையில் ஒன்றைத் தெளிவாகக் கூறக் கடமைப்பட்டுள்ளோம்: நீரிழிவாளருக்குக் கருப்பட்டியும் சர்க்கரையே. பதநீரைக் காய்ச்சினாலும் கரும்புச் சாற்றைக் காய்ச்சினாலும் கிடைப்பதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வெள்ளைச் சர்க்கரையும் சுக்ரோஸ்தான். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் சிறிது தாதுச்சத்து கூடுதலாக இருப்பது உண்மை. ஆனால் ஒரு துண்டுக் கேக்கில் சேரும் அளவில் அது பொருட்படுத்தத்தக்கதன்று. அந்தச் சத்துக்குக் கீரை இருக்கிறது. தேனும் பேரீச்சம்பழக் கூழும் இவ்வாறே. பேரீச்சையில் நார்ச்சத்து உண்டு என்பது ஒரு சிறு அனுகூலம். அதன் இனிப்பு இனிப்பேதான்.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளோருக்கு இவற்றில் தனி எச்சரிக்கையும் தேவை. வெல்லத்திலும் பேரீச்சையிலும் பொட்டாசியம் கணிசமாக உண்டு. பழுதுபட்ட சிறுநீரகத்தால் அதனை வெளியேற்ற இயலாதபோது இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். இக்கடற்கரையில் இதனை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழக உப்பளங்களில் மேற்கொண்ட ஆய்வு, அங்குப் பணிபுரிவோரில் மிகப் பலர் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்துக்கு ஆளாவதையும், அவர்களுள் ஒரு பகுதியினரிடம் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் பதிவு செய்துள்ளது. நீரிழிவும் வெயிலும் ஒருங்கே தாக்கும் உடலில் சிறுநீரகம் எந்நிலையில் இருக்கிறது என்பதை அறியாமல், "இயற்கையானது" என்ற ஒரு சொல்லை நம்பி எதையும் தாராளமாகச் சேர்க்க வேண்டாம்.

அடுப்பில் எது தாங்கும்?

கேக்கில் சர்க்கரையின் பணி இனிப்பூட்டுவது மட்டுமன்று. வெண்ணெயுடன் சேர்த்து அடிக்கும்போது காற்றைச் சிறைப்பிடித்துக் கேக்கை உப்பச் செய்வது அதுவே. மாவிலுள்ள நீரைத் தன்பால் ஈர்த்து, மாவு இறுகாமல் மென்மையாக வைத்திருப்பதும், மேற்பரப்புக்குப் பொன்னிறம் தருவதும், இரண்டு நாள் உலராமல் காப்பதும் அதுவே. ஒரு கிண்ணச் சர்க்கரையை எடுத்துவிட்டு இரண்டு மாத்திரை இனிப்பூட்டியைப் போட்டால், இனிப்பு இருக்கும், கேக் இராது. தட்டையாகவும் வெளிறியும் ரப்பர்போல் இழுபடுவதாகவும் ஒன்று வரும். அது சமைத்தவரின் தவறன்று.

அஸ்பார்டேம் நீண்ட நேர வெப்பத்தில் சிதைந்து இனிப்பை இழந்துவிடும். ஆகவே சுடும் பண்டங்களுக்கு ஏற்றதன்று. பினைல்கீட்டோனூரியா என்னும் அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அதனை எவ்வகையிலும் உண்ணலாகாது.

சுக்ரலோஸ் சர்க்கரையைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பானது. சுடும் பண்டங்களில் வெகுவாகப் பயன்படுவது. ஆனால் ஜெர்மனியின் அரசு சார்ந்த இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019-ஆம் ஆண்டு ஓர் எச்சரிக்கை விடுத்தது. 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கும்போது சுக்ரலோஸிலிருந்து தீங்கு தரக்கூடிய குளோரின் சேர்மங்கள் உண்டாகலாம் என்றும், தெளிவான முடிவு கிட்டும்வரை உணவைச் சூடாக்கிய பின்னரே அதில் சுக்ரலோஸைச் சேர்ப்பது நல்லது என்றும் அது கூறியது. கேக்கின் உட்பகுதி 100 டிகிரி அளவிலேயே வேகும். மேலோடு அதைவிடச் சூடாகும். இதனால் அச்சம் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் நாள்தோறும் சுக்ரலோஸ் சேர்த்துச் சுடும் வழக்கத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். கரண்டிக்குக் கரண்டி சர்க்கரை போலவே அளந்து போடும் வகையில் விற்கப்படும் தூள்களில் கனத்துக்காக மால்ட்டோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பதுண்டு. அதுவும் ஒரு மாவுப்பொருளே. இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும். உறையின் பின்புறத்தைப் படித்த பின்னரே வாங்குங்கள்.

சீனித்துளசி எனப்படும் ஸ்டீவியாவின் சாறு, வீட்டு அடுப்பின் வெப்பத்தைத் தாங்கக்கூடியது. அளவு சற்றுக் கூடினாலும் கசப்புத் தட்டும். எரித்ரிடால் இரத்தச் சர்க்கரையை ஏற்றுவதில்லை; சர்க்கரைபோல் கனமும் தரும். ஆனால் நாக்கில் ஒரு குளிர்ச்சியை விட்டுச் செல்லும். இரத்தத்தில் எரித்ரிடால் மிகுந்திருந்தோரிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாகக் காணப்பட்டதாக 2023-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கூறியது. அது தொடர்பைக் காட்டியதே அன்றிக் காரணத்தை நிறுவவில்லை. எனினும் இதய நோயாளர்கள் இதனை அன்றாடப் பொருளாக்கிக்கொள்ள வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சர்பிட்டால், மால்டிடால் ஆகியவை கடைகளில் கிடைக்கும் "சர்க்கரையற்ற" பிஸ்கட்டுகளிலும் சாக்லேட்டுகளிலும் இருப்பவை. மால்டிடால் இரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றவே செய்யும்; இரண்டுமே மிகுந்தால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் வெளியிட்ட வழிகாட்டுதல் பலரைக் குழப்பியிருக்கிறது. உடல் எடையைக் கட்டுப்படுத்தவோ தொற்றா நோய்களைத் தடுக்கவோ இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே அதன் சாரம். ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அப்பரிந்துரை பொருந்தாது என்று அவ்வழிகாட்டுதலே கூறுகிறது. ஆகவே நீரிழிவாளர் எப்போதாவது இனிப்பூட்டி சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் வீட்டிலுள்ள நலமான பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்து மிகை இனிப்புக்கு நாக்கைப் பழக்குவது வேண்டாததொன்று. நன்மையின் அளவும் பெரிதன்று. தேநீரிலும் காப்பியிலும் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் சேர்த்த நீரிழிவாளர்களைச் சென்னையில் 12 வாரம் கண்காணித்த ஆய்வு 2024-இல் வெளியானது. உடல் எடையும் இடுப்புச் சுற்றளவும் சிறிதளவு குறைந்தன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

நாங்கள் பரிந்துரைப்பது

எங்கள் பரிந்துரை எளியது. இனிப்பை மாற்றுவதற்கு முன் அளவை மாற்றுங்கள். அடுத்து மாவை மாற்றுங்கள்.

மேற்சொன்ன கேக்கில் சர்க்கரையை 200 கிராமிலிருந்து 150 கிராமாகக் குறைத்தால் அதன் பதம் பெரிதும் கெடுவதில்லை. 12 துண்டுகளுக்குப் பதிலாக 16 துண்டுகளாக வெட்டுங்கள். துண்டுக்கு 19 கிராமுக்குச் சற்றுக் குறைவான மாவுச்சத்துதான் வரும். எந்த மாற்றுப் பொருளும் வாங்காமலேயே 29 கிராம் 19 ஆகிவிட்டது.

நம் விழுப்புரம் மாவட்டத்தில் நிலக்கடலைக்குக் குறைவில்லை. மைதாவில் மூன்றில் ஒரு பங்கை நீக்கி, வறுத்துப் பொடித்த நிலக்கடலையைச் சேர்த்துப் பாருங்கள். 100 கிராம் நிலக்கடலையில் மாவுச்சத்து ஏறத்தாழ 17 கிராமே. மைதாவில் இருப்பதில் கால்பங்குக்கும் குறைவு. புரதமும் கூடும். நிலக்கடலையில் எண்ணெய் மிகுதியாதலால் வெண்ணெயைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாது. சிறுநீரக நோயாளர்கள் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். கோதுமை மாவும் கேழ்வரகு மாவும் நார்ச்சத்தில் மைதாவைவிட மேல். ஆனால் அவையும் மாவே என்பதால் அளவு அவற்றுக்கும் உண்டு. கேக்கை வெறும் வயிற்றில் உண்ணாமல், உணவுக்குப் பின்னர், அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டு உண்ணுங்கள். அன்று மட்டும் இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக் குறித்து வையுங்கள். உங்கள் உடலைப் பற்றி எந்த உறையும் சொல்லாததை அந்த எண் சொல்லும்.

காலை ரஸ்க்குக்கு மாற்று, சர்க்கரையற்ற ரஸ்க் அன்று. இரண்டு இட்லியும் சாம்பாரும், ஒரு கிண்ணம் சுண்டல், அல்லது அவித்த முட்டை ஒன்றுடன் சிறிது கம்பங்கூழ் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். விடியலுக்கு முன் அடுப்பு மூட்டுவது எல்லா வீட்டிலும் இயலாது என்பதை அறிவோம். முன்னிரவிலேயே அவித்து வைத்த சுண்டலோ, ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ அதற்குப் போதும்.

சட்டைப் பையில் இருக்க வேண்டியது உண்மையான சர்க்கரை

இறுதியாக, உயிருடன் தொடர்புடைய ஒரு செய்தி. இன்சுலின் செலுத்திக்கொள்வோருக்கும், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்வோருக்கும், உணவு தாமதமானாலோ வெயிலில் கடுமையாக உழைத்தாலோ இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடக்கூடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். உப்பளத்தில் எல்லோருக்கும் வியர்ப்பதால், முதல் அறிகுறி எளிதில் கவனத்துக்கு வராமல் போகிறது.

அவ்வேளையில் சர்க்கரையற்ற பிஸ்கட்டும் இனிப்பூட்டி கலந்த பானமும் பயன்படா. இனிப்பூட்டி நாக்கை ஏமாற்றும். மூளைக்கு வேண்டிய குளுக்கோஸைத் தராது. கேக்கும் சாக்லேட்டும்கூட உகந்தவை அல்ல. அவற்றிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிடில் மீண்டும் ஒரு முறை. வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை உட்கொள்வோருக்குச் சாதாரணச் சர்க்கரை வேகமாகச் செரிக்காது. அவர்கள் குளுக்கோஸ் தூளையே வைத்திருக்க வேண்டும். தங்கள் மாத்திரை எது என்று அறியாதவர்கள் அடுத்த முறை வரும்போது சீட்டைக் காட்டிக் கேளுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல், 108-ஐ அழையுங்கள்.

வீட்டிலிருந்து சர்க்கரையை ஒழித்துவிட்டோம் என்று பெருமையுடன் கூறும் குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவது இதுவே: உப்பளத்துக்குப் புறப்படுபவரின் சட்டைப் பையில் ஒரு சிறு பொட்டலம் சர்க்கரை, அல்லது குளுக்கோஸ், கட்டாயம் இருக்கட்டும். பிறந்தநாளன்று வெட்டும் கேக்கில் ஒரு மெல்லிய துண்டு அவருக்கும் சேரட்டும். ஆனால் நாளைக் காலைத் தேநீரோடு அவர் முன் வைக்கும் தட்டில், சர்க்கரை சேர்த்ததாயினும் சேர்க்காததாயினும், ரஸ்க் வேண்டாம்.